ஏஞ்சல் மேடம் சொன்ன நான்காம் எண்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த அன்று, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடி தூவிய ஒரு பெண்மணியிடம் சரவணகுமார் கேட்டான்:

"அக்கா, வாலிபால் மேடம் எங்க?"

"கோடு போட்டு முடிச்சா வந்துடுவாங்க. பாத்துக்கினு நிக்காம அந்தக் கயித்தப் புடி சார்."

பிடித்தான். முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு, "நான்தான் ஏஞ்சல்" என்றார். ஓரமாய் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் அவன் காதில் இருந்தது.

ஊத்துக்கோட்டைப் பக்கம் அவன் கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. உடற்கல்வியில் எம்.பி.எட். முடித்தபோது ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இங்கே அந்தப் படிப்பை யாரும் கேட்கவே இல்லை. பஸ் கண்டக்டர் முதல் கம்பெனி வாட்ச்மேன் வரை ஏஞ்சல் மேடம் பேச்சுதான்.

அத்திப்பட்டில் ஒப்பந்தக் கூலியாக இருந்த யேசுதாசின் மகள் அவர். இருபது வருடத்துக்கு முன் அந்தக் கல்லூரியில் பெண்களுக்கு அணியே கிடையாது. மகள் அரைக்கால் சட்டை போடுவதா என்று முறைத்த அப்பன்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசி ஆட்களைத் திரட்டினார். முதல் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பன்கள் மகளைக் கூட்டிப்போகத் தோதாக, கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குப் பயிற்சியை முடிப்பார். அவரிடம் ஆடியவர்கள் போலீசிலும் ரயில்வேயிலும் இருந்தார்கள்.

சரவணகுமாரின் ஆண்கள் அணியிலோ பாதிப் பேர் பயிற்சிக்கே வருவதில்லை.

"இது காலேஜா, கம்பெனியா? பஸ் டயத்துக்கு விசில் ஊதுறாங்க" என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டு உடற்கல்வி இயக்குநர் பதவி காலியானது. தாளாளர் சொன்னார்: "மேடம் கப்போட வந்தா மேடத்துக்கு. இல்லன்னா, பெரிய படிப்பு படிச்ச சாருக்கு."

திருவள்ளூரில் பெண்கள் அணிக்கு இறுதி ஆட்டம்; மூன்று செட். துணைக்கு அவன்தான் போனான். ஒவ்வொரு செட்டுக்கும் முன், இறங்கும் ஆறு பேரின் சட்டை எண்களைச் சீட்டில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். முதல் செட்டுக்கு ஏஞ்சல் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பந்தைத் தூக்கிக்கொடுக்கும் ஜெபாவுக்கு அவர் "நாலு" என்றார். அது ஜெபாவின் போன வருட எண். இப்போது அவளுக்கு ஒன்பது; நாலு, முதலாமாண்டு மோனிகாவுக்கு. சட்டைகளைப் பங்கிட்டதே அவன்தான். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு நாலு என்றே எழுதினான்.

நடுவர் சீட்டைப் பார்த்து ஜெபாவை வெளியே அனுப்பினார். மோனிகா முகமெல்லாம் பல்லாக உள்ளே ஓடினாள்.

"மேடம், ஆளை மாத்துங்க மேடம்!" என்று ஜெபா துடித்தாள்.

"இருடி. பந்தத் தொடறதுக்குள்ள இழுத்துக்கினா, அந்தப் புள்ள அப்பால கிரவுண்டு பக்கமே வராது."

இரண்டே புள்ளி வித்தியாசத்தில் அந்த செட் போயிற்று. அடுத்ததை ஜெபா இறங்கி மீட்டாள். மூன்றாவதில் தோற்றார்கள்.

திரும்பும் வேனில் ஏஞ்சல் கேட்டார்: "சட்டை குடுத்தது நீதானே சரவணா?"

"ஆமா மேடம்."

"உம்."

தாளாளரிடம், "நம்பர நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். அவன் பெயரை எடுக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் அதற்கும் அவரையே மெச்சினார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது.

பதவி அவனுக்கு வந்தது. அவனுக்குக் கீழே இரண்டு மாதம் இருந்துவிட்டு ஏஞ்சல் விலகினார். இப்போது அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் அணிக்குப் பயிற்சியாளர். அவன் பொறுப்புக்கு வந்த கல்லூரி அணிப் பெண்கள் சனிக்கிழமைகளில் அவனிடம் சொல்லாமலே அங்கே அவரிடம் ஆடப் போய்விடுகிறார்கள்.