டோக்கியோ தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடி

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்போது சிட்னியில், மெரிலேண்ட்ஸில் குடியிருந்தோம். என் கணவரை அவருடைய கம்பெனி ஒரு வாரப் பயிற்சிக்கு டோக்கியோவுக்கு அனுப்பியது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினேன். கழுத்தில் புதுக் கமரா.

சனிக்கிழமை மத்தியானத்தோடு கடை மூடி ஊரே உறங்கிவிடும் சிட்னியில் இருந்து போனவளுக்கு அந்த நகரம் திருவிழா மாதிரி இருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ரயில்வே ஊழியர்கள், மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகில் செய்து வைத்த சாப்பாடு. எதைக் கண்டாலும் படம் எடுத்தேன். அவர்களோ என் சேலையை நின்று பார்த்தார்கள்.

பயிற்சி தொடங்குவதற்கு முதல் நாள், ஊர் பார்க்க ரயிலேறப் போனோம். கூட்டம் தள்ளியதில் அவர் உள்ளே போய்விட்டார். நான் ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஏதோ கை காட்டினார். ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வருவார் என்று பிளாட்பாரத்திலேயே நின்றேன். ரயில்கள் வந்து போயின. அவர் வரவில்லை. விடுதிக்கே போய்விடலாம் என்று வெளியே வந்தால், அது வேறு வாசல். காலையில் பார்த்த தெரு எதையும் காணோம். விடுதியின் பெயர் என் வாயில் நுழையவில்லை. முகவரி அட்டையும் அவருடைய சட்டைப் பையில்.

விடுதிக்கு எதிரே ஒரு கடை வாசலில் பெரிய மர மூக்குக்கண்ணாடி தொங்கியது மட்டும் நினைவில் இருந்தது. காலையில் அதைப் படம் எடுத்திருந்தேன். சிகரெட் விற்கும் சின்னக் கடையில் இருந்த அம்மாவிடம் போய், விரல்களை வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக் காட்டினேன். அவர் ஐயோ பாவம் என்பது போல் பார்த்தார். கடையைப் பூட்டிவிட்டு என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

போய்ச் சேர்ந்தது ஒரு கண்ணாடிக் கடை. ஆனால் வாசலில் மரக்கண்ணாடி இல்லை. கடைக்காரர் குனிந்து வணங்கி, என்னை நாற்காலியில் உட்கார்த்தி, கண்ணில் லென்ஸ் மாட்டி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். எல்லாம் ஜப்பான் எழுத்து. அழ வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள்.

ஒரு தாளை வாங்கி, கதவும் அதற்கு மேலே தொங்கும் கண்ணாடியும் வரைந்தேன். கடைக்காரருக்குச் சட்டென்று புரிந்தது. தன் கடையையும் பூட்டிக்கொண்டு வந்தார். மூவருமாக நடந்து இரண்டு தெரு திரும்பினால், அதோ மரக்கண்ணாடி. அந்தக் கடைக்காரர் வெளியே வந்ததும் இருவரும் விறைப்பாகக் குனிந்து வணங்கிக்கொண்டதைப் பார்த்தால், தொழிலில் போட்டிக்காரர்கள் போலத் தெரிந்தது.

எதிரே விடுதிப் படியில் என் கணவர், முகம் வெளிறிப்போய்.

"எங்கை போனனீர்? அடுத்த ரயிலிலை வருவீர் எண்டு நான் அடுத்த ஸ்டேஷனிலையே நிண்டனான்."

"நீங்கள் திரும்பி வருவியள் எண்டு நான் அங்கையே நிண்டனான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

என்னைக் கூட்டிவந்த அந்த இருவரையும் படம் எடுக்கக் கமராவைத் தூக்கினேன். பிலிம் முடிந்துவிட்டிருந்தது. நான் உதட்டைப் பிதுக்கியதும், மரக்கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே ஓடித் தன் கமராவைக் கொண்டுவந்து என்னை அவர்கள் நடுவே நிற்கவைத்து எடுத்தார். எங்கள் முகவரியைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கோ என் கணவருக்கோ தோன்றவில்லை.

சிட்னிக்குத் திரும்பி, வீட்டுச் சுவரில் ஸ்லைடு போட்டு நண்பர்களுக்குக் காட்டினேன். எல்லாரும் மெழுகுச் சாப்பாட்டைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு மட்டும் வேறு நினைப்பு. எங்கோ ஒரு ஜப்பானிய வீட்டு ஆல்பத்தில், பெயர் தெரியாத இருவருக்கு நடுவே, பச்சைச் சேலையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். நான் எடுத்த அத்தனை படங்களையும் விட, என்னிடம் இல்லாத அந்தப் படத்தைத்தான் இன்றும் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.