வெளியே கேட்காத கேபின்

ஆசீர்வாதம் அண்ணாச்சி காலமான செய்தி எனக்கு வாட்ஸப்பில்தான் வந்தது. முன்பு எஸ்டிடி பூத் நடத்தியவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். காலையில் அதில் அவருடைய படத்தைப் போட்டு, இராஜபாளையத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்புகள். அதற்கும் கீழே ஒருவர், "எந்த ஆசீர்வாதம்?" என்று கேட்டிருந்தார். "அதாம்ப்பா, பூத்துக்கெல்லாம் பொட்டி செஞ்சு குடுப்பாரே, அந்தக் கிறுக்கு மனுசன்" என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதற்கும் ஒரு கைகூப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். கிறுக்கு என்று நானும் அவரை முகத்துக்கு நேரே பல தடவை சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல ஒரு தகுதி வேண்டும். அவரோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்க வேண்டும். பதில் போட்டவர் அவரிடம் ஒரு சுழல் நாற்காலி வாங்கியதோடு சரி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சிறுவயதிலேயே போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. படித்து முடித்து வேலை கேட்டு மனு மேல் மனு போட்டேன். வேலைக்குப் பதிலாக ஒரு பொதுத் தொலைபேசி பூத் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை பிடித்தேன். கேபின் செய்ய ஆள் தேடியபோது எல்லோரும் சொன்ன பெயர் ஆசீர்வாதம். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். பூத்துகள் பெருகிய காலத்தில் மில் வேலையை விட்டுவிட்டு, கேபின், மேசை, நாற்காலி, ஃபேக்ஸ் வைக்கிற தட்டு என்று செய்யத் தொடங்கியிருந்தார்.

முதல் நாள் வந்தவர் அளவுநாடாவை எடுக்கவே இல்லை. நேரே என் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து போனுக்குக் கை நீட்டினார், பில் மெஷினுக்குக் கை நீட்டினார், எட்டவில்லை.

"ஏம்மா, இந்த மேசைய ஒட்டகத்துக்குன்னு செஞ்சதா? இம்புட்டு உயரத்துல வச்சிக்கிட்டு நீ எப்படி நாள் பூரா குதிப்ப?" என்றார்.

அன்றைக்கே மேசைக் கால்களை அறுத்துவிட்டார். என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே, பிறகு அவர் என் கடையில் செய்த அத்தனை அட்டூழியங்களையும் பொறுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அட்டூழியங்கள் தொடங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அண்ணாச்சி கேபின் கதவின் கீலுக்கு எண்ணெய் விட வந்திருந்தார். உள்ளே ஒரு பெண் பம்பாயில் இருக்கும் கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். லைன் சரியில்லை, அதனால் கத்தித்தான் பேச முடிந்தது. வயிற்றில் இருந்தது இந்தத் தடவையும் தங்கவில்லை என்று அவள் சொன்னது வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவள் கதவைத் திறந்து வந்ததும் வரிசையில் நின்ற ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாத தாயி, அடுத்தது தங்கிரும்" என்றார். இன்னொருவர் மதுரையில் நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னார். மூன்றாவது ஆள் எந்தக் கோவிலுக்கு என்ன நேர்ந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினார். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு என் பூத்துக்கு அவள் வரவே இல்லை.

"பாத்தியா கோமதி, திருட்டுப் பயலுகள" என்றார் அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி, ஆறுதல்தான சொன்னாக?"

"அவ இவுககிட்டச் சொல்லலையே. அவ குடுக்காதத எடுத்து வச்சிக்கிட்டு ஆறுதல் சொன்னா, அது திருட்டுதாம்மா." எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு கேபின் செய்யணும். உள்ள பேசுனது உள்ளயே இருக்கணும். ஒரு சொல்லு வெளிய வரப்பிடாது."

அவருடைய மீதி வாழ்நாள் முழுக்க அந்த ஒரு ஆசைதான்.

முதலில் பஞ்சு. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற இடங்களில் கழிவுப் பஞ்சுக்கா பஞ்சம்? இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே அதை அடைத்துச் சுவர் எழுப்பினார். சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் சித்திரை வெயிலில் உள்ளே போனவர்கள் அவிந்து போனார்கள். ஒரு காலைக் கதவிடுக்கில் வைத்துத் திறந்துகொண்டு பேசினார்கள். சரி என்று மின்விசிறி வைத்தார். விசிறிச் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை என்று முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். அதற்குள் பஞ்சில் எலி குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, "வேற யோசிப்பம்" என்று சைக்கிளில் ஏறிப் போனார். பிரித்துப் போட்ட பலகைகளுக்கு நடுவே நான் கடை நடத்தினேன்.

அடுத்தது பல்பு. அப்போது வீட்டில் போன் இல்லாதவர்கள் பூத் நம்பரைத்தான் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அழைப்பு வந்தால் நான் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவேன், யாராவது ஓடிப் போய்ச் சொல்வார்கள். யாருக்குப் போன் வருகிறது என்று ஊருக்கே தெரிகிறதே என்று அண்ணாச்சிக்கு வருத்தம். கடை உச்சியில் கலர் கலராகப் பல்பு மாட்டினார். ஒவ்வொரு தெருவுக்கு ஒரு கலர். பச்சை எரிந்தால் மேலத் தெரு ஆள் வந்து கேட்டுக்கொள்ளலாம், பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது திட்டம். முதல் தடவை பச்சையைப் போட்டேன். மேலத் தெருவே திரண்டு வந்துவிட்டது. மகன் வெளிநாட்டில் இருப்பவர்கள், மகள் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருப்பவர்கள், யாருமே எங்கும் இல்லாதவர்கள்கூட. போன் யாருக்கு என்று நான் அத்தனை பேருக்கும் முன்னால் அறிவிக்க வேண்டியதாயிற்று. "ஜனங்களுக்கு இம்புட்டு ஆசை இருக்கும்னு நெனைக்கலம்மா" என்று பல்பைக் கழற்றினார்.

ஃபேக்ஸ் கதை இதைவிட மோசம். மெஷினிலிருந்து வருகிற தாளைக் கடையில் நிற்பவரெல்லாம் எட்டிப் பார்க்கிறார்களே என்று, தாள் நேராக உள்ளே விழுகிற மாதிரி ஒரு தகரப் பெட்டி செய்து பூட்டுப் போட்டார். அழகான பெட்டி. அந்தக் காலத்து ஃபேக்ஸ் தாளுக்குச் சூடு ஆகாது, பட்டால் கறுத்துவிடும். மதிய வெயில் நேரே பெட்டியில் விழுந்தது. பேண்டேஜ் ஏற்றுமதி செய்கிற ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டர் தாளை எடுத்து நீட்டினேன். ஒரே கறுப்பு. அந்த மனிதர் என்னைப் பேசிய பேச்சுக்கு எந்தக் கேபினும் போதாது. அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தரும் படிக்க முடியாதுல்ல" என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி வேறு! அன்று நான் ஊன்றுகோலை ஓங்கிவிட்டேன்.

இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. சிரித்து மறந்துவிடலாம். எனக்கு இன்றும் ஆறாதது வேறு. இடையில் ஒரு தடவை அவருடைய கேபின் ஓரளவுக்கு நன்றாகவே அமைந்தது. உடனே ஊருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்து சத்தம் போட்டார். "வெளிய கேக்காம பேசுறதுக்கு அப்படி என்ன பேச்சு? பொம்பளப் பிள்ளைக கெட்டுப் போகதுக்கா கட்டி வச்சிருக்கீக?" என்றார். புகார் போய், விசாரிக்க வந்த தொலைபேசித் துறை அதிகாரியும் அதையே சுத்தத் தமிழில் சொன்னார்: தவறு செய்கிறவர்களுக்குத்தான் இரகசியம் தேவைப்படும். வாடிக்கை எதிரில் இருந்த பூத்துக்குப் போயிற்று. அங்கே கேபினுக்குக் கதவே கிடையாது.

"அண்ணாச்சி, எனக்கு ஆள் வரணும். இதக் கழட்டிட்டுப் பழசையே மாட்டுங்க" என்றேன்.

கழற்றினார். பலகைகளை வண்டியில் ஏற்றிய பிறகுதான் சொன்னார்: "எல்லாருக்கும் அடுத்தவுக பேச்சு வேணும் கோமதி. தன் பேச்சு மட்டும் வெளிய போகப்பிடாது. ரெண்டையும் ஒரே கேபின்ல எப்படிச் செய்ய?"

கடைசிக் கேபினை அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் வைத்துத்தான் செய்தார். மில்லில் காற்றுக் கொண்டுபோகிற குழாய்களை நினைத்துக்கொண்டு, கூரையில் வளைந்து வளைந்து போகிற ஒரு மரக்குழாய் அமைத்தார். காற்று வளைவில் திரும்பிப் போய்விடும், சத்தம் முட்டி நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. கதவு தானாக மெல்லச் சாத்திக்கொள்ளும். கைப்பிடியும் இருக்கையும் என் உயரத்துக்கு இருந்தன. அதை முடித்து அவர் நிமிர்ந்து பார்த்தபோது எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன். என் பூத்தில் நான் போட்டோ ஸ்டாட் மெஷின் வைத்துவிட்டேன். இதற்கு மேல் காலம் ஒரு மனிதனை எப்படித்தான் ஏமாற்றுவது?

அவர் அசரவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். சோதனையிலும் பிடிவாதம். "சும்மா ஹலோ ஹலோன்னு கத்துறது சோதனை இல்ல. மனசுல உள்ளதப் பேசுறவுக ஒருத்தர் உள்ள போகணும். வெளிய ஒருத்தர் காதத் தீட்டிக்கிட்டு நிக்கணும். அப்பவும் கேக்கலன்னாத்தான் வேலை முடிஞ்சிருக்கு." நான் ஒரு தடவை உள்ளே போய்த் தெரிந்தவரைச் செல்போனில் கூப்பிட்டு, கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றிப் பேசினேன். வெளியே வந்து பார்த்தால் அவர் அங்கே இல்லை, தள்ளிப் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சிலிண்டர் விசயம் வெளிய கேட்டா என்ன, கேக்காட்டி என்ன?" என்றார். அக்கம்பக்கத்தாரைக் கேட்டார், சிரித்தார்கள். மனைவி எஸ்தர் மதினியிடம் கேட்டார்.

"எனக்கென்ன ரகசியம் கெடக்கு? நீங்க எங்கிட்ட ஊரு கேக்க நாலு வார்த்த பேச மாட்டீகளான்னுதான் நான் ஏங்கிக் கெடக்கேன்" என்றார் மதினி. கேபினுக்குள் வெங்காய மூட்டையை வைத்தார். அண்ணாச்சி வெளியே எடுத்து வைப்பார், மதினி மறுபடியும் உள்ளே வைப்பார். இப்படியே வருடங்கள் போயின. வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியாமலேயே அண்ணாச்சி போய்விட்டார்.

செய்தி வந்த அன்று மதியம் துக்க வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அண்ணாச்சி. தலைமாட்டில் ஒரு கம்பில் போனை மாட்டி, வர முடியாதவர்களுக்காக நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலை ஸ்பீக்கரில் பேச்சு. "ஆமா, நேத்து நல்லாத்தான் இருந்தாக." "பெட்டிக்குச் சொல்லியாச்சா?" அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் பிரிசில்லா அடக்கத்துக்குள் வந்து சேர முடியாது. வீடியோவில் அவள் முகம் கை மாறி, கை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. "பாப்பா, அப்பாவ நல்லாப் பாத்துக்க." "ஏட்டி, அழாத." மதினி கைக்குப் போன் வந்தபோதெல்லாம் நாலு தலைகள் கூடவே திரைக்குள் நுழைந்தன. "மதினி, சத்தமாப் பேசுங்க, நெட்டு வீக்கா இருக்கு" என்று யாரோ யோசனை சொன்னார்கள். ஒரு சொல் வெளியே கேட்கக் கூடாது என்று வாழ்நாளைத் தொலைத்த மனிதரின் தலைமாட்டிலேயே இப்படி. "செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க" என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மதினி என்னைப் பார்த்தார். "கோமதி, எம்மவகிட்ட நான் தனியா ஒரு வார்த்த பேசணும்."

"எந்திரிங்க மதினி" என்றேன்.

கொட்டகைக்குப் போனோம். வெங்காய மூட்டை, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், உடைந்த நாற்காலி என்று கேபின் நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் மதினிதான் இழுத்துப் போட்டார், நான் ஒரு கையால் வாங்கி வைத்தேன். அவர் போனோடு உள்ளே போனார். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. பலகையில் காதை ஒட்டவைத்தபடி நின்றேன். அண்ணாச்சி கேட்ட சோதனை அதுதானே. கதவின் சின்னக் கண்ணாடி வழியே மதினியின் வாய் அசைவது தெரிந்தது. மார்பில் அடித்துக்கொண்டார். விரலை நீட்டி யாரையோ ஏசினார். நடுவே ஓர் இடத்தில் சிரித்த மாதிரிகூட இருந்தது. வீட்டுக்குள் பாமாலை பாடுவது கேட்டது, தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. கேபினுக்குள்ளிருந்து ஒன்றுமே வரவில்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. முகத்தில் வேர்வை இல்லை.

"வெளிய கேட்டுச்சா?"

"ஒரு சொல்லும் கேக்கல மதினி. காத வச்சுத்தான் நின்னேன்."

மதினி கேபின் பலகையை உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். "பாவி மனுசா, இத இருந்து பாத்துட்டுப் போகப்பிடாதா? நான் ஒரு நா உள்ள போயிருக்கப்பிடாதா?" என்று அழுதார். நானும் அழுதேன். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் போதகர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அங்கேயும் நேரலை ஓடிக்கொண்டிருந்தது, மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, வேலை முடிந்துவிட்டது. மதினி உள்ளே போய் மனதில் உள்ளதையெல்லாம் பேசினார். நான் வெளியேதான் நின்றேன். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. போய் வாருங்கள்.