வள்ளத்தில் எடுத்த தாளம்

நம்பாதவர்கள் சல்லிக் கடற்கரையில் கேட்டுப் பாருங்கள். இது எனக்கு நடந்தது.

நான் இராகுலன், திருகோணமலையில் ஒரு ராக் இசைக்குழுவின் பாடகன். எங்கள் முதல் பாட்டு பிறந்ததே டிரம்ஸ் அடிக்கும் ஜக்சனால்தான். போன வருடம் சல்லியில் கவிழ்ந்து கிடந்த ஒரு மீன்பிடி வள்ளத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டும் சத்தம் அவனுக்குக் கேட்டதாம். டொக் டொக்... டொக். தச்சன் யாரோ வேலை செய்கிறான் என்று நினைத்து, சத்தத்தைப் போனில் பதிந்து வந்தான். அதுதான் எங்கள் தாளம்.

முதல் மேடையிலேயே அழுகல் நாற்றம். மீன் காயப்போடும் ஊர்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டாவது மேடையில் மைக்கிலிருந்து ஏதோ கொழகொழவென்று வழிந்தது. துடைத்த கையின் நாற்றம் எத்தனை சவர்க்காரம் போட்டும் போகவில்லை. சீ! அன்றிரவே ஜக்சனிடம் சொன்னேன்.

"இனி இதைப் பாட ஏலாது, மச்சான்."

"உனக்கென்ன விசரே? இந்தப் பாட்டு இல்லாட்டி எங்களை ஆர் கூப்பிடுவினம்?"

மூன்றாவது மேடை துறைமுகத்துக்குப் பக்கத்தில். மாலை 5.40. வெயில் இன்னும் இருந்தது. சனம் தாளத்துக்குக் கைதட்டியது. திரும்பிப் பார்த்தேன்... ஜக்சன் இரண்டு குச்சிகளையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

தாளம் நிற்கவில்லை.

டொக் டொக்... டொக்.

என் காலடிப் பலகைக்குக் கீழிருந்து.

மூச்சு முட்டியது. வாய் நிறைய உப்புத் தண்ணீர்... குனிந்து மேடையிலேயே கக்கினேன்.

கறுத்த தண்ணீர். மீன் செதில்.

நடுவில் ஒரு நகம். மனித நகம்... சதையோடு.

அடுத்த நாள் ஜக்சனோடு சல்லிக்குப் போய், வள்ளத்துக்குச் சொந்தக்காரரான இராஜநாயகம் ஐயாவைப் பிடித்து, போன வருடம் அதில் வேலை செய்த தச்சன் யார் என்று கேட்டோம்.

"தச்சனோ? கரைக்கு இழுத்துப் போட்ட நாளில இருந்து அதை ஒருத்தரும் தொடுறேல்லை, தம்பி. அதுக்கு முந்தின வருசம் கடலில காத்துக்குக் கவிண்டது. என்ர மருமகன் உள்ளுக்கு அகப்பட்டுப் போனான். உயிரோட கிடந்து தட்டியிருக்கிறான்."

"ஒருத்தருக்கும் கேக்கேல்லையா?"

"கேட்டது. நானும் கேட்டனான். வலைக்கு மீன் கலைக்க வள்ளத்தில தட்டுறது எங்கட வழக்கம். ஒருத்தர் தட்டினா மற்ற ஆக்கள் கிட்டப் போகமாட்டம், மீன் குழம்பிடும். இருட்டில தெரியேல்லை. மீன் கலைக்கிறான் எண்டு விலத்திப் போயிட்டம்."

அந்தத் தட்டலுக்குத்தான் சனம் கைதட்டியது. நான் சிரித்துக்கொண்டே பாடினேன். த்தூ...

நான் கக்கிய நகத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. அவராகவே சொன்னார்.

"எடுக்கேக்க அழுகிப்போனான், தம்பி. விரலில ஒரு நகமும் இல்லை."