என் மகளை நானே அவுட்டாக்கினேன்

அம்பத்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் என் மகளிடம் முதன்முறையாகக் கிரிக்கெட் பேட்டைக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. அடிபடுமோ, அழுவாளோ என்று தண்ணீர் பாட்டிலோடு கேட் ஓரம் நின்றேன்.

இரண்டாவது பந்தையே ஓங்கி அடித்தாள். அது தரையில் ஒருமுறை குத்தி என் முகத்துக்கு நேரே வந்தது. பயத்தில் ஒரு கையால் பிடித்துவிட்டேன்.

"ஒன் பிட்ச், ஒன் ஹேண்ட்! அவுட்டு!" என்று துள்ளினான் பந்து போட்டவன். ஒருமுறை குத்தியதை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட் என்பது அந்தத் தெருவின் சட்டம்.

"ஆன்ட்டி டீம்லயே இல்லடா!" என்றான் மகளின் கட்சிக்காரன்.

"இப்போ சேத்துக்கினோம், இன்னான்ற?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் அவள் ஆடட்டுமே என்று, "ரெண்டு தடவ குத்துச்சுப்பா" என்றேன்.

"இல்லம்மா, ஒரு தடவதான். நான் பாத்தேன்." பேட்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். அழப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அதில் ஓங்கித் தட்டினாள். "செம கேட்ச்சும்மா!"

இனி அவளுக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு கேட்ச் பிடித்தேன்.