மலையூரில் ஒரேயொரு தமிழன்

இன்று மாலை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பிரான்சிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு.

"அண்ணை, ரூபன் கதைக்கிறன். ஞாபகம் இருக்கோ?"

மறப்பேனா? போன வருடம் தெற்குப் பிரான்சின் மலைப்பாதைகளில் தனியாகச் சைக்கிள் ஓடினேன். ஒரு குன்றின் உச்சியில், கோட்டை மதிலுக்குள் ஒடுங்கிய கல் தெருக்களோடு ஒரு பழைய ஊர். ஏற்றம் தாங்காமல் "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டு இறங்கி நின்றேன். எதிரே இருந்த உணவகத்தின் குசினிக்குள் இருந்து ஒருவன் கரண்டியோடு ஓடி வந்தான்.

"அண்ணை, தமிழோ?"

அந்த ஊரில் அவன் ஒருவன்தான் தமிழன். சாப்பாடு போட்டு, பின்னேரம் வரை என்னைப் போகவே விடவில்லை.

"என்ன ரூபன், ஏதும் பிரச்சினையோ?" என்று இன்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அண்ணை. நாளைக்கு இந்த ஊரை விட்டுப் பாரிசுக்குப் போறன். இஞ்ச எல்லாருக்கும் பிரெஞ்சில சொல்லிப்போட்டன். போட்டு வாறன் எண்டு தமிழில சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. அதுதான் உங்களுக்கு எடுத்தனான்."

"சந்தோசமாப் போட்டு வாங்கோ தம்பி" என்றேன்.

நான் இருக்கும் கிரவீனில் தடுக்கி விழுந்தால் தமிழர் வீடு. ஆனால் இந்தக் கிழமை வேறு எவரும் எனக்குப் போன் எடுக்கவில்லை. நானும் எவருக்கும் எடுக்கவில்லை.

ஞாயிறு காலை சைக்கிள் ஓட யாராவது வருகிறீர்களா? சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம், தேத்தண்ணி இருக்கிறது.