பாதி ரோட்டில் மல்லாட்டை

எங்கள் தெருவுக்குப் புது ரோடு வேண்டுமென்று மனு எழுதிய புண்ணியவதி நான்தான். ரோடும் வந்தது. குண்டும் குழியுமாக இருந்தவரை உப்பு லாரிகூட மாடு மாதிரி அசைந்துதான் போகும். இப்போது மரக்காணம் கடைத்தெரு நெரிசலுக்குப் பயந்து குறுக்குவழியாக வரும் கார்களெல்லாம் எங்கள் வாசலில் பறக்கின்றன.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் தெருமுனைவரை நடந்தால்தான் கால் சரியாகும் என்றார் டாக்டர். இந்தத் தெருவில் எங்கே நடப்பது? வேகத்தடை கேட்டுப் பேரூராட்சி ஆபீசுக்குப் போனேன்.

"இதுவரைக்கும் எத்தனை ஆக்சிடெண்ட்டும்மா?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்புறம் எப்படிம்மா போடுறது? ஒண்ணாவது நடக்கணும்ல?"

அட, என் வீட்டுக்காரரையே அனுப்பி வைக்கட்டுமா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த வருஷப் பங்குனியில், பிரம்மதேசம் கிராமத்து நிலத்தில் பறித்த மல்லாட்டையை, அதான் நிலக்கடலையை, எதிர்வீட்டுக்காரி பாதி ரோட்டில் காயப்போட்டாள். வண்டி ஏறாமலிருக்க அதன் ஓரத்தில் வரிசையாகக் கல். நாலு வீடு தள்ளி இன்னொருவர் மறுபக்கத்துப் பாதியில் கொட்டினார். கார்கள் இப்படி வளைந்து, அப்படி வளைந்து, தவழ்ந்து போயின. எந்த இன்ஜினீயரும் வரையாத டிசைன்! வீட்டுக்காரர் கல்லுக்கு உள்பக்கமாக, மல்லாட்டையை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து தெருமுனைவரை போய்விட்டு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மல்லாட்டை காய்ந்து, மூட்டையாகிப் போய்விட்டது. நான் விடுவேனா? ரெண்டு மூட்டை விலைக்கு வாங்கி, அதே ரெண்டு இடத்தில் காய்ந்ததையே தினமும் காயப்போட்டேன்.

"இன்னுமாக்கா காயல?" என்று எதிர்வீட்டுக்காரி சிரித்தாள்.

"உங்க மாமா நல்லா நடக்குற வரைக்கும் காயாதுடி" என்றேன்.

ஒருநாள் அதிகாரியின் ஜீப்பே வந்து, எதிரே லாரி வர, வளைய முடியாமல் நின்றது.

"ரோட்டுல கொட்டக் கூடாதும்மா. எடுங்க."

"வேகத்தடை போடுங்க சார், எடுத்துடுறேன்."

"ஆக்சிடெண்ட் ஏதாச்சும் நடந்துச்சா?"

"இது கெடக்குறதாலதான் சார் நடக்கல."

"பாத்தீங்களா, நடக்கலன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு வேகத்தடை?"

நல்லா இருக்கிறது நியாயம்! அவர் நிற்க நிற்க, வயிறெரிய வாரினேன். வாரி முடித்ததும் ஜீப் பறந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரின் செருப்பை எடுத்து வைத்தேன். வாசல்வரை வந்தார். ஒரு கார் போனது, பின்னாலேயே ஒரு லாரி.

"இன்னைக்கு வேணாம்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளும் அதையே சொன்னார். இப்போதெல்லாம் நான் செருப்பை எடுத்து வைப்பதில்லை.