சின்னிக்கும் புரட்டாசி விரதம்

போன வருஷம் மெர்டேக்கா சுதந்திர நாளைக் கொண்டாடிய கையோடு புரட்டாசி பிறந்தது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குள் அந்த மாதம் முழுக்க மீன், இறைச்சி நுழையாது. பூனை சின்னிக்கும் சாம்பார் வெங்காயத்தைச் சோற்றில் பிசைந்து, நெய் விட்டு வைத்தேன். பசியில் வழித்து நக்கிவிடும். "எங்க பூனைகூட சைவம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சின்னி அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. படுத்திருந்த சாக்கில் சிவப்பாக மூத்திர ஈரம். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பாம்பு தீண்டிவிட்டதோ என்று பயந்த என் கணவர், அதைக் கூடையில் வைத்துச் சைக்கிளில் கட்டினார். நானும் பின்னால் உட்கார்ந்து மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் கூடையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முதலில் கேட்டது, "என்னம்மா தின்னக் குடுத்தீங்க?"

சொன்னேன்.

"வெங்காயமா? மாடு தின்னாலே ரத்தம் கெட்டு இப்படித்தான் சிவப்பாப் போவும். இது பூனைம்மா! இன்னும் ரெண்டு நாள் குடுத்திருந்தா செத்திருக்கும்."

அதன் பிறகு பத்து நாள், விடிந்ததும் அதன் ஈற்றைத்தான் பார்த்தேன். மெல்ல நிறம் திரும்பியது.

இந்தப் புரட்டாசியில் சின்னிக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் அடுப்பில் மீன் வேகிறது. காய் என்று நான் கொடுப்பது உப்பில்லாமல் அவித்த பூசணி ஒரு வாய்தான். வெங்காயம், பூண்டு பட்ட எதையும் வைப்பதில்லை. சாமிக்கு வேண்டிக்கொண்டது நான், சின்னி இல்லையே.